அப்பாவின் மாத்திரையும் ஜூலியின் கட்டியும்

தங்கச்சிமடத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். எட்டு வயதுப் பெட்டை லாப்ரடார், பெயர் ஜூலி. பின்னங்கால் தொடையில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி; ஒரு நாள் வீங்குகிறது, மறுநாள் வற்றிப்போகிறது. ஊசி குத்தி எடுத்த சாம்பிளைப் பார்த்து மாஸ்ட் செல் கட்டி என்று சொல்லியிருக்கிறார்கள். அதே வீட்டில் உங்கள் அப்பாவுக்கு இரைப்பையில் ஜிஸ்ட் என்ற கட்டி எடுத்து, இப்போது இமாட்டினிப் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். இணையத்தில் தேடினால் இரண்டு நோய்க்கும் கீழே 'கிட்' என்ற ஒரே மரபணு வருகிறது. நாய்க்கும் மனுசனுக்கும் ஒரே புற்றுநோய்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசியில் தயங்கித் தயங்கி எழுதியிருப்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன்: ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றியிருக்குமா, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களே, அப்பாவின் மாத்திரையில் பாதியை ஜூலிக்குக் கொடுத்தால் என்ன.

தொற்றாது. மாத்திரையைக் கொடுக்காதீர்கள். இந்த இரண்டும் உறுதி. ஒரே நோயா என்பதற்குத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் இந்தக் கடற்கரையில் பல வருடமாகக் கால்நடை வைத்தியம் பார்க்கிறவன். ஆடும் மாடும்தான் பெரும்பங்கு. வளர்ப்பு நாய்கள் இப்போது கூடியிருக்கின்றன. புற்றுநோய்க்கென்று தனியாகப் படித்தவனல்ல, மனித மருத்துவம் படித்தவனும் அல்ல. அப்பாவின் நோயைப் பற்றி இங்கே சொல்வது ஒப்பீட்டுக்காக மட்டும்; அவருடைய சிகிச்சையில் அவருடைய டாக்டர் சொல்வதுதான் முடிவு.

தொற்று பற்றிய பயம் நம் பக்கத்தில் சும்மா வந்ததல்ல. தெருநாய்களுக்கு உண்மையிலேயே தொற்றுகிற ஒரு புற்றுநோய் இருக்கிறது. மண்டபத்திலிருந்து தொண்டி வரை மீன் இறங்குகிற இடங்களில் சுற்றும் நாய்களில் பிறப்புறுப்பில் ரத்தம் கசியும் சதைக்கட்டியைப் பார்த்திருப்பீர்கள். இணை சேரும்போதும், முகரும்போதும் நக்கும்போதும் கட்டியின் செல்லே ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குப் போய் ஒட்டி வளரும். ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் ஏதோ ஒரு நாயின் உடலில் தோன்றிய செல்லின் வாரிசுகள்தான் இன்றும் உலகம் முழுவதும் நாய்களிடையே பரவிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அதுகூட நாயிலிருந்து நாய்க்குத்தான், மனிதருக்கு வராது. வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி என்று சில வாரங்கள் போட்டால் பெரும்பாலும் முழுதாகக் கரைந்துவிடும். ஜூலிக்கு வந்திருப்பது அந்த வகையல்ல. மாஸ்ட் செல் கட்டி அந்தந்த நாயின் உடம்பிலேயே, அதன் சொந்தச் செல் கெட்டுப்போய் உண்டாவது. அப்பாவின் ஜிஸ்ட்டும் அப்படித்தான். பிள்ளைகள் ஜூலியோடு விளையாடலாம், ஒன்றும் ஆகாது. அந்தக் கட்டியை மட்டும் அமுக்கிப் பார்க்கக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

மாஸ்ட் செல் என்பது நம் எல்லோர் தோலிலும் குடலிலும் இருக்கிற ஒரு காவல் செல். 1870களில் பால் எர்லிக் என்ற ஜெர்மானியர் சாயம் ஏற்றிப் பார்த்து இதற்குப் பெயர் வைத்தார். செல்லுக்குள் துகள் துகளாக ஹிஸ்டமின், ஹெப்பாரின், சில நொதிகள் எல்லாம் அடைத்து வைக்கப்பட்டிருக்கும். ஹிஸ்டமினை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஐஸ் போடாமல் வெயிலில் கிடந்த சூரையையோ கானாங்கெளுத்தியையோ குழம்பு வைத்துச் சாப்பிட்டு, அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, உதடு தடித்து, உடம்பெல்லாம் அரிப்பெடுத்து ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் நம் ஊர்களில் உண்டு. அங்கே பாக்டீரியா மீனின் சதையில் உண்டாக்கி வைத்த ஹிஸ்டமின்தான் அந்த வேலையைச் செய்கிறது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. அதே பொருள் ஜூலியின் கட்டிக்குள்ளும் இருக்கிறது. கட்டியை அமுக்கினால், தேய்த்தால், சில நேரம் ஒன்றுமே செய்யாமலும்கூட, துகள்கள் உடைந்து ஹிஸ்டமின் வெளியே வரும். அந்த இடம் சிவந்து வீங்கும், பிறகு வற்றும். நீங்கள் பார்த்த ஏற்ற இறக்கம் அதுதான். வற்றியதைப் பார்த்து 'தானாகக் கரையுது' என்று விட்டுவிட்டு நாளைக் கடத்திக் கொண்டுவருகிறவர்கள்தான் அதிகம். ரத்தத்தில் ஹிஸ்டமின் கூடினால் இரைப்பையில் அமிலம் ஏறிப் புண் ஆகும். ஜூலி வாந்தி எடுத்தாலோ, தார் மாதிரிக் கறுப்பாக மலம் போனாலோ அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இப்போது ஒரே நோயா என்ற கேள்விக்கு வருகிறேன். நாய்களுக்குத் தோலில் வரும் கெட்ட கட்டிகளில் இதுதான் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. பாக்ஸர், பக், லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் மாதிரி சில இனங்களில் அதிகம். மனிதர்களில் கதை வேறு. குழந்தைகளுக்குத் தோலில் பழுப்புத் திட்டுகளாக மாஸ்ட் செல்கள் சேரும். திட்டைத் தேய்த்தால் ஜூலியின் கட்டியைப் போலவே தடித்துச் சிவக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பருவ வயதுக்குள் அது மங்கிவிடும். பெரியவர்களுக்கு வருவது பொதுவாக எலும்பு மஜ்ஜையில் குடியிருக்கும் நோய். நாயைப் போல ஒற்றைக் கட்டியாகத் தோலில் திரண்டு, பரவுகிற புற்றாக மனிதருக்கு வருவது அபூர்வத்திலும் அபூர்வம். ஆக, பெயரை மட்டும் வைத்துப் பார்த்தால் நாயின் மாஸ்ட் செல் கட்டியும் மனிதரின் மாஸ்ட் செல் நோயும் ஒன்று என்று தோன்றும். நடத்தையைப் பார்த்தால் இல்லை.

மரபணுவைப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். கிட் என்பது மாஸ்ட் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு ஏற்பிக்கான மரபணு. வெளியிலிருந்து சமிக்ஞை வந்தால் மட்டும் 'வளர், பெருகு' என்று செல்லுக்குச் சொல்ல வேண்டியது அதன் வேலை. அந்த ஏற்பியில் செல் சவ்வை ஒட்டி உள்பக்கமாக ஒரு பகுதி இருக்கிறது. சும்மா இருக்கும் நேரத்தில் ஏற்பியை அடக்கி வைப்பது அதுதான். மரபணுவில் குறிப்புகள் துண்டு துண்டாக எழுதப்பட்டிருக்கும்; ஒவ்வொரு துண்டும் ஒரு எக்ஸான். அந்தப் பகுதிக்கான குறிப்பு 11ஆவது எக்ஸானில் இருக்கிறது. 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மனிதரின் ஜிஸ்ட் கட்டிகளில் இந்த இடம் பழுதாகியிருப்பதைக் காட்டினார்கள். அடுத்த வருடமே நாய்களின் மாஸ்ட் செல் கட்டிகளில் அதே 11ஆவது எக்ஸானில் ஒரு துண்டு இரட்டித்துக் கிடப்பதைக் கண்டார்கள். ஆனால் பெரியவர்களுக்கு வரும் மாஸ்ட் செல் நோயில், பத்தில் ஒன்பது பேருக்கு, கிட் கெட்டுப்போவது 17ஆவது எக்ஸானில், 816ஆம் இடத்தில். அது ஏற்பியின் இயந்திரப் பகுதி. வீட்டு மோட்டாரை வைத்துச் சொல்வதானால், நாய்க்கும் ஜிஸ்ட்டுக்கும் தானாக நிறுத்துகிற பாகம் உடைந்து மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஸ்விட்சை அணைத்தால் நிற்கும். மனித மாஸ்ட் செல் நோயில் ஸ்விட்சே உருகி ஒட்டிக்கொண்டது. இமாட்டினிப் ஏற்பி அணைந்த நிலையில் இருக்கும்போது போய் உட்காருகிற மருந்து. அதனால்தான் அது ஜிஸ்ட்டில் வேலை செய்கிறது, 816ஆம் இடம் கெட்டவர்களிடம் வேலை செய்வதில்லை. அவர்களுக்கென்று மிடோஸ்டாரின் 2017-லும் அவாப்ரிட்டினிப் 2021-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்று வந்தன.

ஆகவே ஜூலியின் நோய்க்கு மனிதரில் கிட்டத்து உறவு மனித மாஸ்ட் செல் நோய் இல்லை; உங்கள் அப்பாவுக்கு வந்த ஜிஸ்ட்தான். ஒரே கூரைக்குக் கீழே இரண்டும் வந்தது தற்செயல். ஆனால் நீங்கள் இணையத்தில் பார்த்துத் திடுக்கிட்ட அந்த ஒற்றுமை பொய்யில்லை.

ஒரு எச்சரிக்கை. எல்லா நாய்க் கட்டிகளிலும் 11ஆவது எக்ஸான் கெட்டிருப்பதில்லை. ஆய்வுக்கு ஆய்வு எண் மாறுகிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்று வரை என்று வைத்துக்கொள்ளலாம். தீவிரமான கட்டிகளில் அதிகம், சாதுவானவற்றில் குறைவு. மற்ற நாய்களில் சிலவற்றுக்கு 8 அல்லது 9ஆவது எக்ஸான். மீதிப் பெரும்பான்மைக்கு என்ன காரணம் என்று இன்றும் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. இனத்துக்கு இனம் அபாயம் மாறுவதால் பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பது தெளிவு. கோல்டன் ரிட்ரீவர்களில் 2015-இல் நடந்த மரபணு ஆய்வு சில இடங்களைச் சுட்டிக்காட்டியது. தண்ணீர், புகை, இறால் பண்ணை மருந்து, கருவாடு என்று நம் பக்கத்தில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மாஸ்ட் செல் கட்டிக்கு அப்படி எதுவும் நிரூபிக்கப்படவில்லை. ஹிஸ்டமின் கட்டியிலேயே இருக்கும்போது மேற்கொண்டு கெட்ட சூரையின் தலையையும் குடலையும் ஜூலிக்குப் போடாமலிருப்பது நல்லது என்று நான் சொல்வேன். அது என் யோசனை, ஆய்வு முடிவல்ல.

நாய்களை வைத்து மனிதருக்கு மருந்து கண்டுபிடிக்கிறார்கள் என்று உங்கள் மைத்துனர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதில் உண்மை இருக்கிறது, கொஞ்சம் அலங்காரமும் இருக்கிறது. ஆய்வகச் சுண்டெலிக்குக் கட்டியைச் செயற்கையாக உண்டாக்க வேண்டும். நாய்க்கு அது தானாக வருகிறது. நம்மோடு அதே வீட்டில், அதே காற்றில், நோய் எதிர்ப்புச் சக்தி முழுதாக இருக்கும் உடம்பில் வருகிறது. நோய் ஓடும் வேகமும் அதிகம் என்பதால் மருந்தின் பலனைச் சீக்கிரம் பார்க்கலாம். அமெரிக்க தேசியப் புற்றுநோய்க் கழகம் 2003-இலிருந்து இதற்கென்றே ஒரு ஒப்பீட்டுப் புற்றுநோயியல் திட்டம் நடத்துகிறது. அதே 2003-இல் பலவகைக் கட்டிகள் கொண்ட 57 வளர்ப்பு நாய்களுக்குக் கிட் உள்ளிட்ட ஏற்பிகளை அடக்கும் ஒரு புது மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு வெளியானது. கிட் பழுதான மாஸ்ட் செல் கட்டி இருந்தவை அதில் 11. ஒன்பதில் கட்டி சுருங்கியது, ஒன்றில் வளராமல் நின்றது. அந்த மருந்துதான் டோசெரானிப். அதன் உடன்பிறப்பு மூலக்கூறு சுனிட்டினிப் 2006-இல், இமாட்டினிப் பலிக்காத ஜிஸ்ட் நோயாளிகளுக்கும் சிறுநீரகப் புற்றுக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டோசெரானிப் 2009-இல் நாய்களின் புற்றுநோய்க்கென்றே அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்தானது. அனுமதிக்கு அடிப்படையான பெரிய சோதனையில் மருந்து தின்ற நாய்களில் 37 சதவீதத்துக்குக் கட்டி சுருங்கியது. வெறும் மாத்திரை தின்றவற்றில் 8 சதவீதம். கிட் பழுது இருந்த நாய்களில் பலன் ஏறத்தாழ இரட்டிப்பு.

நாய் வழிகாட்டியது, மனிதர் பின்னால் போனார்கள் என்று இதை எழுதுவது அழகாக இருக்கும். நடந்தது இரண்டு வண்டியும் பக்கத்துப் பக்கத்தில் ஓடியதுதான், சில இடங்களில் மனித மருந்து முன்னால். இமாட்டினிப் ஜிஸ்ட்டுக்கு 2002-லேயே அனுமதி பெற்றுவிட்டது; நாய்களில் அதைச் சோதித்த ஜப்பானிய ஆய்வு வந்தது 2008-இல்தான். அதில் 21 நாய்களில் 10-க்குப் பலன் தெரிந்தது. 11ஆவது எக்ஸான் பழுதான ஐந்துக்குமே கட்டி சுருங்கியது.

இதைப் படித்ததும் 'அப்படியானால் அப்பாவின் மாத்திரை வேலை செய்யுமே' என்று கேட்பீர்கள். மருந்தாக அது முட்டாள்தனமான யோசனையல்ல. நம் நாட்டில் இமாட்டினிப் பொதுப் பெயரில் கிடைக்கிறது, டோசெரானிப் நம் ஊர் மெடிக்கலில் கேட்டுக் கிடைக்கும் சரக்கல்ல. ஆனால் ஜூலியின் கட்டியில் எக்ஸான் பழுது இருக்கிறதா என்றே தெரியாமல், எடைக்கு அளவு கணக்கிடாமல், கல்லீரல் ரத்தப் பரிசோதனை இல்லாமல் கொடுப்பதில் அர்த்தமில்லை. நாய்களுக்கு இந்த மருந்து கல்லீரலைப் பதம் பார்க்கும் என்பது தெரிந்த விஷயம். அதைவிட முக்கியம், அப்பாவுக்கு எண்ணி எழுதிக் கொடுத்த மாத்திரை அது. அவருக்கு ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஜூலிக்கு இப்போது மாத்திரையே முதல் சிகிச்சை அல்ல. கத்திதான்.

தொடையில் ஒற்றைக் கட்டி, வேறெங்கும் பரவாதது என்றால், நல்ல அறுவை சிகிச்சை ஒன்றே பல நாய்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. இதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது கொழுப்புக்கட்டியை நோண்டி எடுப்பது மாதிரி இல்லை. கட்டியைச் சுற்றி நல்ல தோலையும் சேர்த்து, வழக்கமாக இரண்டு சென்டிமீட்டர் வரை விட்டு, அடியில் தசையுறை ஒரு அடுக்கையும் சேர்த்து எடுக்க வேண்டும். தொடையில் தோல் இழுத்துத் தைக்க இடம் இருக்கிறது; பாதத்தில் வந்திருந்தால் திண்டாட்டம். அறுப்பதற்கு முன் ஹிஸ்டமினை அடக்கும் ஊசி கட்டாயம், இல்லையென்றால் மேஜையிலேயே ரத்த அழுத்தம் சரியலாம். தொடைக்கு மேலே இடுப்பு மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்து, பெரிதாக இல்லாவிட்டாலும் அதிலும் ஊசி குத்தி ஸ்லைடு எடுக்கச் சொல்லுங்கள். பார்க்கச் சாதாரணமாக இருக்கும் நெறியிலும் செல் ஒளிந்திருப்பதுண்டு.

எடுத்த கட்டியைக் குப்பையில் போட்டுவிடுவதுதான் நம் பக்கத்தில் நான் அடிக்கடி பார்க்கிற கொடுமை. 'அதான் எடுத்தாச்சே டாக்டர்' என்பார்கள். அந்தத் துண்டில்தான் ஜூலியின் ஜாதகமே இருக்கிறது. அகலவாய் பாட்டிலில், கட்டியின் அளவைப் போல் பத்து மடங்குக்கு, பத்து சதவீத ஃபார்மலின் ஊற்றி, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ சென்னை வேப்பேரிக்கோ அனுப்ப வேண்டும். ஊறுகாய் பாட்டிலின் குறுகிய வாய்க்குள் திணித்து அனுப்பினால் அங்கே போய்ச் சேரும்போது உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். வெட்டிய ஓரம் எது என்று தெரிய ஒரு தையல் நூலை அடையாளமாகப் போட்டுவிடச் சொல்லுங்கள். அவர்கள் பார்த்துச் சொல்வது இரண்டு: ஓரத்தில் செல் இருக்கிறதா, கிரேடு, அதாவது கட்டி எவ்வளவு தீவிரமானது என்ற தரம், என்ன. 1984-இலிருந்து மூன்று கிரேடு முறை இருந்தது. நடுக் கிரேடில் போட்டால் வைத்தியருக்கும் நிம்மதி, வீட்டுக்காரருக்கும் நிம்மதி, ஆனால் யாருக்கும் எதுவும் விளங்காது. 2011-இல் அதைக் குறைந்தது, கூடியது என்று இரண்டாக்கினார்கள். அந்த ஆய்வில் கூடிய கிரேடு நாய்களில் பாதி நான்கு மாதம் தாண்டவில்லை. குறைந்த கிரேடு நாய்கள் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தன. நீங்கள் படித்துப் பயந்த 'சில மாதம்தான்' என்ற வரி முதல் வகையைப் பற்றியது. ஜூலி எந்த வகை என்று ஊசி சாம்பிளை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

கூடிய கிரேடு என்று வந்தாலோ, ஓரத்தில் செல் மிச்சமிருந்து மறுபடி அறுக்க வழியில்லை என்றாலோதான் மருந்து. வழக்கமாகக் கொடுப்பது வின்பிளாஸ்டின் ஊசியும் பிரெட்னிசலோன் மாத்திரையும். இந்த வின்பிளாஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருவது. சுடுகாட்டுமல்லி என்று சொல்லி வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்களே, நம் மணலில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக்கிடக்குமே, அதேதான். தெருநாய்க் கட்டிக்குப் போடும் வின்கிரிஸ்டினும் அதே செடிதான், ஆனால் மாஸ்ட் செல் கட்டியில் வின்கிரிஸ்டின் சோபிக்கவில்லை. இதைச் சொன்னதும் யாராவது இலையை அரைத்துக் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். ஆடுகூட வாய் வைக்காத செடி அது. இலையில் மருந்துப் பொருள் மிகச் சொற்பம், விஷத்தன்மை தாராளம். வேண்டாம். ஊசியாகப் போடும்போதும் ரத்தக்குழாய்க்கு வெளியே ஒரு சொட்டு கசிந்தால் அந்த இடத்துச் சதை அழுகும், அதனால் பழகிய கை வேண்டும். போட்ட பிறகு சில நாள் ஜூலியின் மூத்திரத்தையும் மலத்தையும் கையுறை போட்டு அப்புறப்படுத்துங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கிட்டவே போக வேண்டாம். பிள்ளைகள் விஷயத்தில் நீங்கள் கவலைப்பட வேண்டியது நோயைப் பற்றி இல்லை, இந்த மருந்தைப் பற்றித்தான்.

ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போது கட்டியின் நீளம் அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்து போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் வந்ததும் கிரேடு, ஓரம், மைட்டோசிஸ் எண்ணிக்கை (பிரிந்துகொண்டிருக்கும் செல்களின் எண்ணிக்கை) மூன்றையும் இங்கேயே எழுதுங்கள். கூடிய கிரேடாக இருந்தால் மட்டும் மீதித் திசுவை எறியாமல் வைத்திருக்கச் சொல்லி, கிட் பரிசோதனைக்கு எங்கே அனுப்பலாம் என்று கல்லூரியிலேயே கேளுங்கள். இமாட்டினிப் பேச்சை எடுக்க வேண்டிய நேரம் அப்போதுதான். அதுவும் அப்பாவின் டப்பாவிலிருந்து வேண்டாம், ஜூலியின் பெயரில் எழுதிய சீட்டோடு.